தகடூர்த் தடங்கள் – 23: பாப்பாரப்பட்டி வரை வந்த பாட்டு

சென்ற வாரம் தாமஸ் மன்றோவைத் தருமபுரியில், அவர் ஆசையாய் வளர்த்த தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம். பாராமகாலின் நிலத்தை அளந்து, குடியானவர் பெயரில் வரி எழுதும் வேலையை 1792 முதல் ஏழு ஆண்டுகள் இங்கே இருந்து பழகியவர் அவர். கம்பெனி போட்டுவைத்த அந்த வரி இலாகாவில், பல பத்தாண்டுகள் கழித்து வங்காளத்தில் சம்பளம் வாங்கிய ஓர் இந்திய அதிகாரியைப் பற்றி இந்த வாரம். அவர் பெயர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. 'வந்தே மாதரம்' எழுதியவர். தருமபுரிப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவர் பாட்டு வந்தது. வந்து, பாப்பாரப்பட்டியில் ஆறு ஏக்கர் நிலமும் கேட்டது.

நாட்டுப்பண் எழுதியவர் என்றதும் எல்லோருக்கும் தாகூர்தான் நினைவுக்கு வருவார். அது சரிதான். ஆனால் அரசியல் நிர்ணய சபையில் 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் 'ஜன கண மன'வை நாட்டுப்பண் என்று அறிவித்தபோது, விடுதலைப் போரில் பெரும்பங்கு வகித்த 'வந்தே மாதரம்' அதற்குச் சமமான மதிப்பைப் பெறும் என்றும் சேர்த்தே அறிவித்தார். நம் மாவட்டத்துக்கு உறவு அந்த இரண்டாவது பாட்டோடுதான்.

பங்கிம் 1838 ஜூன் மாதம் பிறந்தார். ஊர், ஹூக்ளிக் கரையில் நைஹாத்தியை ஒட்டிய காண்டால்பாடா. அப்பாவே டெபுடி கலெக்டர். கல்கத்தா பல்கலைக்கழகம் 1858இல் முதன்முறையாக பி.ஏ. தேர்வு நடத்தியபோது தேறியவர்கள் இரண்டே பேர், பங்கிமும் ஜதுநாத் போஸும். இருவருமே ஒரு தாளில் சில மதிப்பெண் குறைந்து, பல்கலைக்கழகம் பார்த்துக் கருணை மதிப்பெண் போட்டதால் கரையேறியவர்கள். அதே ஆண்டில் டெபுடி மாஜிஸ்திரேட் வேலை கிடைத்தது. ஜெசூரில் தொடங்கி ஊர் ஊராக மாற்றலாகி, 1891இல் ஓய்வு பெறும்வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் சர்க்கார் உத்தியோகம். ராய் பகதூர் பட்டம் வாங்கினார், கடைசியில் சி.ஐ.இ. விருதும் வாங்கினார். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாவலாசிரியர் எப்படிப் பிழைத்தார் என்பதே ஆச்சரியம்.

அவர் முதுகெலும்பு எப்படிப்பட்டது என்று காட்ட ஒரு சம்பவம் போதும். 1873 டிசம்பர், பெர்ஹாம்பூர். பல்லக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார் பங்கிம். பாதை ஒரு மைதானத்தைக் கடந்து போகிறது. அங்கே வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கர்னல் டஃபின் என்பவர் பல்லக்கை நிறுத்தி, இவரை இறக்கிப் பிடித்துத் தள்ளுகிறார். மறுநாளே பங்கிம் வழக்குப் போட்டார். ஊர் வக்கீல்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் நின்றார்கள், கர்னலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். 1874 ஜனவரியில், நிறைந்த நீதிமன்றத்தில் கர்னல் மன்னிப்புக் கேட்டார். சர்க்கார் சம்பளம் வாங்கிய கையாலேயே சர்க்கார் படையின் கர்னல்மேல் புகார் எழுதியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த இரண்டொரு ஆண்டுக்குள்தான் பாட்டு பிறக்கிறது. கர்னல் தள்ளியதால் பாட்டு வந்தது என்று முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். மனிதர்கள் அவ்வளவு நேர்கோட்டில் எழுதுவதில்லை.

1872 முதல் அவர் 'பங்கதர்சன்' என்ற மாத இதழை நடத்தினார். பத்திரிகை நடத்திய யாருக்கும் தெரியும், அச்சுக்குப் போகும் நேரத்தில் ஏதாவது ஒரு பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கும். அவருடைய தம்பி பூர்ணசந்திரர் எழுதிவைத்த நினைவு இது. அச்சகப் பொறுப்பில் இருந்த பண்டிதர் வந்து, ஒரு பக்கம் நிரப்ப மேட்டர் வேண்டும் என்றார். மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. பண்டிதர் அதை எடுத்துப் படித்துவிட்டு, பரவாயில்லை, இதையே போட்டுவிடலாமே என்றாராம். பங்கிமுக்குச் சுருக்கென்றது. தாளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, இது நல்லதா இல்லையா என்று இப்போது உங்களுக்குத் தெரியாது, பிற்பாடு தெரியும், அப்போது நான் இல்லாமல் போகலாம், நீங்கள் இருப்பீர்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். இடத்தை நிரப்பக் கேட்ட அந்தத் தாளில் இருந்தது 'வந்தே மாதரம்'. தன் எழுத்தைப் பற்றித் தீர்க்கதரிசனம் சொல்லாத எழுத்தாளர் அபூர்வம். பலித்தது வெகு சிலருக்குத்தான்.

பாட்டை நாடறியச் செய்தது நாவல். 'ஆனந்தமடம்' பங்கதர்சனில் தொடராக வந்து, 1882இல் நூலானது. 1770இல் வங்காளத்தைச் சுடுகாடாக்கிய பஞ்சமும், அதன் பின்னே நடந்த சந்நியாசிகளின் கலகமும் கதைக்களம். அந்தச் சந்நியாசிகள் தாய்நாட்டைத் தெய்வமாக நிறுத்திப் பாடும் பாட்டு இது. கதையில் அவர்கள் மோதுவது நவாபின் ஆட்களோடும் கம்பெனிப் படையோடும். முடிவிலோ ஆங்கிலேயர் ஆட்சியே இப்போதைக்கு நல்லது என்று கதை ஒதுங்கிக்கொள்கிறது. டெபுடி மாஜிஸ்திரேட்டின் பேனா அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியது என்றுதான் எனக்குப் படுகிறது. முஸ்லிம் வாசகர்களுக்கு அந்த நாவல் தந்த உறுத்தலும் பொய்யில்லை. பிற்பாடு வந்த சச்சரவுகளெல்லாம் இந்த நாவலில் விழுந்த விதைகள்தாம்.

பங்கிம் 1894 ஏப்ரல் 8 அன்று காலமானார். தன் பாட்டு தெருவில் கோஷமாகக் கேட்டதை அவர் காதால் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1896இல் கல்கத்தா காங்கிரசில் அதைப் பாடியவர் முப்பத்தைந்து வயது ரவீந்திரநாத் தாகூர். அந்த மாநாட்டுத் தலைவர் பம்பாயைச் சேர்ந்த ரஹிமதுல்லா சயானி. ஒரு பாட்டை எழுதியவர் ஒருவர், மேடையில் பாடியவர் பிற்கால நாட்டுப்பண்ணின் ஆசிரியர், தலைமை நாற்காலியில் ஒரு முஸ்லிம். அன்றைக்கு யாரும் எதையும் தவறாக நினைக்கவில்லை.

1905இல் கர்சன் வங்காளத்தைத் துண்டாடியதும் பாட்டின் முதலிரண்டு சொல் தனியே கழன்று தெருவுக்கு வந்தது. மாணவர்கள் அரசியலில் இறங்கினால் பள்ளிக்கு மானியம் நிற்கும் என்று சுற்றறிக்கை போனது. 1906 ஏப்ரலில் பாரிசாலில் அந்த இரண்டு சொல்லைச் சொல்லி ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடி விழுந்தது. அதே ஆண்டு அந்தப் பெயரிலேயே ஒரு செய்தித்தாள் கல்கத்தாவில் தொடங்கியது. பிபின் சந்திர பாலும் அரவிந்தரும் அதை நடத்தினார்கள். பங்கிமை 'ரிஷி' என்று பட்டம் கட்டி 1907இல் அதில் எழுதியவர் அரவிந்தர். அரவிந்தர்மேல் அலிப்பூர் குண்டு வழக்குப் போட்டபோது அவருக்காக வாதாடி மீட்ட இளம் பாரிஸ்டர் சித்தரஞ்சன் தாஸ். இந்தக் கடைசிப் பெயரை மறந்துவிடாதீர்கள். பாப்பாரப்பட்டிக்கு வரப்போகிறவர் இவர்தான்.

தெற்கே பாட்டைக் கொண்டுவந்து தமிழில் குடியேற்றியவர் பாரதி. 1905இலேயே 'சக்கரவர்த்தினி'யில் அவருடைய மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. 1907 மே மாதம் பிபின் பால் சென்னைக் கடற்கரையில் பேசியபோது கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அந்த அலை அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் அடித்தது.

சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இளைஞர்களைக் கூட்டிப் பேசியதற்காகத் திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேற்றியது. நடந்தே ஊர் ஊராகப் பேசிக்கொண்டு 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து வ.உ.சி.யோடு சேர்ந்தார். கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், கூட்டங்கள், மார்ச் 12 அன்று கைது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை என நாற்பது ஆண்டும், சிவாவுக்குப் பத்து ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் இருவருக்கும் ஆறு ஆண்டாகக் குறைந்தது. சிவா 1912 நவம்பரில் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது.

சிறையில் கம்பளி மயிர் வெட்டிச் சுத்தம் செய்யும் வேலை கொடுத்ததால் நோய் வந்தது என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லும். தொழுநோய் கிருமியால் வருவது, 1873இலேயே ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். நோயாளியோடு நெடுநாள் நெருங்கி இருந்தால் தொற்றும், வெளியே தெரியப் பல ஆண்டு எடுக்கும். கம்பளி மயிரைக் குற்றம் சொல்வதைவிட, நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒரே கொட்டடியில் அடைத்த சிறையைக் குற்றம் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. எப்படி வந்தாலும், விளைவு ஒன்றுதான். தொற்றுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று ரயில்வே சட்டம். மேடைக்கு மேடை போய்ப் பேசிப் பிழைத்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை பின்ஹேகூடத் தரவில்லை. புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் அவர் தமிழ்நாட்டைச் சுற்றினார். 'ஞானபாநு' என்ற இதழ் நடத்தினார். பாரதியின் 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது. 1921இல் மறுபடியும் சிறைக்குப் போனார்.

அப்படி அலைந்தவர் ஓய்ந்து உட்காரத் தேர்ந்த ஊர் பாப்பாரப்பட்டி. தருமபுரிக்கு வடமேற்கே, பென்னாகரம் தாலுகாவில் இருக்கிறது. அப்போது இதெல்லாம் சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்றுதான். கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரி மண், வரப்போரம் புளியமரம், மழை பெய்தால் உண்டு இல்லாவிட்டால் இல்லை என்ற பிழைப்பு. பட்டணத்துத் தலைவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம். ஊர் நண்பர் சின்னமுத்து முதலியாரின் உதவியோடு ஆறு ஏக்கர் நிலம் வாங்கினார் சிவா. பாரத ஆசிரமம் வைத்தார். இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார். அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டுவது, சாதி மதம் பாராமல் எவரும் உள்ளே வந்து வணங்கும் கோயில், இதுவே அவர் திட்டம்.

இந்தத் திட்டத்தை நான் வெறும் பக்திக் கணக்கில் எழுதமாட்டேன். பங்கிமின் நாவலில் அன்னையின் கோயில் காட்டுக்குள் இருக்கிறது. தீட்சை பெற்ற சந்நியாசிகளுக்கு மட்டுமே அங்கே இடம். சிவா அந்தக் கோயிலைக் காட்டிலிருந்து எடுத்துச் சாலையோர ஊரில் வைத்து, கதவைத் திறந்துவிட நினைத்தார். தீண்டாதவர் என்று கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் நிறைந்த காலம் அது. தொழுநோயால் அவரே எந்த வாசலிலும் வரவேற்பில்லாத ஆளாகிவிட்டிருந்தார். தன்னையும் உள்ளே விடும் ஒரு கோயிலைக் கட்ட நினைத்தவர் கணக்கில், வெளியே நிற்க வேண்டியவர் என்று யாரும் இருந்திருக்க முடியாது.

1923இல் அடிக்கல் நாட்ட வந்தவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். கயா காங்கிரசின் தலைவராக இருந்து, காந்தியோடு கருத்து மாறுபட்டு, மோதிலால் நேருவோடு சேர்ந்து சுயராஜ்யக் கட்சி தொடங்கிய புதிது. ஆதரவு தேடித் தென்னாடு சுற்றிக்கொண்டிருந்தார். கல்கத்தாவின் முதல்தர பாரிஸ்டர், பல ஆயிரம் வருமானத்தை உதறிவிட்டு வந்தவர். அவர் கையால் பாப்பாரப்பட்டி மண்ணில் ஒரு கல் இறங்கியது. பங்கிமின் வங்காளம் நம் மாவட்டத்துக்கு நேரில் வந்த நாள் அதுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ். தலைவர் மௌலானா முகமது அலி. மேடையில் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் 'வந்தே மாதரம்' பாடத் தொடங்கியதும் மௌலானா தடுத்தார். பலூஸ்கர் நிறுத்தாமல் பாடி முடித்தார். அந்த மாநாட்டிலேயே, வங்காளத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் பதவிகளைப் பங்கிட்டுக்கொள்ள தாஸ் எழுதிக் கொண்டுவந்த ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் ஏற்க மறுத்தது. எல்லோருக்குமான கோயிலுக்குக் கல் நாட்டிய கை, சில மாதத்துக்குள் எல்லோருக்குமான ஒப்பந்தத்தோடு காக்கிநாடாவிலிருந்து வெறுங்கையாகத் திரும்பியது.

1925 ஜூன் 16 அன்று தாஸ் டார்ஜிலிங்கில் இறந்தார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 23 அன்று, சிவா பாப்பாரப்பட்டி ஆசிரமத்தில் இறந்தார். நாற்பது வயது முடிந்து நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. கல் நாட்டியவரும் நாட்டச் சொன்னவரும் ஒரே கோடையில் போய்விட்டார்கள். கோயில் அடிக்கல்லோடு நின்றது.

காசியில் ஷிவ் பிரசாத் குப்தா பாரத மாதா கோயில் கட்டி, 1936இல் காந்தியைக் கொண்டு திறந்தார். உள்ளே சிலை கிடையாது. பளிங்கில் செதுக்கிய இந்திய வரைபடம்தான் தெய்வம். யார் வேண்டுமானாலும் வரலாம். பாரத மாதாவின் முதல் கோயில் என்று சுற்றுலாப் புத்தகங்கள் காசியைச் சொல்கின்றன. கட்டி முடித்ததைக் கணக்கில் எடுத்தால் அது சரி. பாப்பாரப்பட்டியின் அடிக்கல்லோ காசியின் திறப்பு விழாவுக்குப் பதின்மூன்று ஆண்டு மூத்தது. நம்மூர்க்காரர்கள் இதை உரக்கச் சொல்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறை.

பாட்டின் மேல் சச்சரவு வளர்ந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் சென்னை சட்டமன்றத்தில் கூட்டத் தொடக்கத்தில் அதைப் பாடுவதை முஸ்லிம் உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அந்த அக்டோபரில் காங்கிரஸ் செயற்குழு கல்கத்தாவில் கூடி, தேசியக் கூட்டங்களில் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் பாடுவது என்று முடிவெடுத்தது. அடுத்த பகுதிகளில் தாய் துர்க்கையாகிறாள். அதுதான் சிக்கல். யோசனை கேட்கப்பட்டவர்களில் முக்கியமானவர் தாகூர். முதல் பகுதியின் கனிவு எல்லோருக்கும் உரியது, முழுப் பாட்டையும் நாவலோடு சேர்த்துப் படித்தால் முஸ்லிம்கள் மனம் புண்படும் என்பது அவர் கருத்து. 1896இல் அதே பாட்டை மேடையில் பாடியவர் சொன்னது இது. அதற்காக வங்காளப் பத்திரிகைகளில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் சொன்னதே எனக்கும் சரியாகப் படுகிறது. ஒரு பாட்டை நேசிக்கிறவர்தான் அதில் எது எல்லோருக்கும் ஆகும், எது ஆகாது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

தாகூர் பாட்டுக்கும் தெற்கே ஓர் ஊர் உண்டு. 1919இல் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோது 'ஜன கண மன'வை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அங்கிருந்த மார்கரெட் கசின்ஸ் இசைக்குறிப்பு எழுதினார். ஆந்திராவில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் மதனப்பள்ளியைச் சொல்லும். நம் பிள்ளைகளிடம் பாப்பாரப்பட்டி என்றால் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிற ஊர் என்பார்கள். அதுவும் நல்ல அடையாளம்தான், சிவாவும் கூடச் சேர்ந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

சிவாவுக்கு அங்கே மணிமண்டபம் எழுந்தது. அடிக்கல்லுக்கு நூறு ஆண்டு நெருங்கும் வேளையில் தமிழக அரசு பாரத மாதா நினைவாலயத்தையும் கட்டி முடித்தது. அரசு அதைக் கோயில் என்று சொல்லாமல் நினைவாலயம் என்றது, அதாவது பூசை கிடையாது, நேரம் முடிந்தால் பூட்டு. 2022 ஆகஸ்டில், பூட்டியிருந்த கதவைத் திறக்கச் சொல்லித் தகராறு செய்து, பூட்டை உடைத்து உள்ளே போய்ச் சிலைக்கு மாலை போட்டார்கள் ஓர் அரசியல் கட்சியினர். வழக்கும் கைதும் நடந்தன. சில நாள் பாப்பாரப்பட்டி தொலைக்காட்சியில் ஓடியது. பூட்டு யாருடையது, சாவி யாரிடம் என்ற சண்டையில், அந்த இடத்தைக் கதவே அடைக்காத இடமாகக் கனவு கண்டவர் யார் என்று எந்த விவாதத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2025 நவம்பர் 7 முதல் ஓராண்டுக்குப் பாட்டின் நூற்றைம்பதாம் ஆண்டை மத்திய அரசு கொண்டாடத் தொடங்கியது. பாடுவது எத்தனை பகுதி, விட்டது யார் தவறு என்று பாராளுமன்றத்தில் மறுபடியும் வாக்குவாதம். 1937இன் கேள்விகளே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தன. பாட்டுக்காக உடம்பைக் கொடுத்தவர்களின் பட்டியலை அங்கே யாராவது வாசித்திருந்தால், அதில் சேலம் ஜில்லாவின் ஒரு மானாவாரி ஊரும் வந்திருக்கும்.

சிவா ஏற முடியாமல் போன ரயில் என்று சொன்னேன் அல்லவா, அவர் காலத்தில் தருமபுரிக்கே ஒரு ரயில் இருந்தது. மொரப்பூரிலிருந்து 1906இல் தருமபுரிக்கு வந்து, 1913இல் ஓசூர் வரை நீண்டு, 1941இல் மூடப்பட்ட குறுகிய பாதை. அதை யார் கேட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள், தண்டவாளத்தை ஏன் பெயர்த்தார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)